பல் டாக்டர் அனுப்பிய மீன்தொட்டி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வங்கி மேலாளருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடியைப் பாருங்கள் என்றால் மனிதர் தன் மீசையைப் பார்க்கிறார். தூணில் மோத ஒரு சாண் இருக்கும்போது என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். "ஏன் சார் கத்துறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். கத்தாமல் சொல்லிக்கொடுக்க டிரைவிங் என்ன பாட்டு வகுப்பா?

அப்போதுதான் போன் வந்தது. பாப்பாவின் அம்மா. (மனைவி என்று எழுத முடியாது. 'முன்னாள்' என்று முன்னால் போட்டால் ஏதோ அமைச்சரைச் சொல்வதுபோல் இருக்கிறது. பாப்பாவின் அம்மா என்றே எழுதுகிறேன்.) அவளுடைய பல் டாக்டர் வேறு ஊரில் கிளினிக் திறக்கிறானாம். இருவரும் அங்கே குடிபோகிறார்கள்.

"இந்த வருஷம் பூரா பாப்பா உங்ககூட இருக்கட்டும். பதினாறு வயசுல பள்ளிக்கூடம் மாத்தினா படிப்பு கெட்டுடும். அவளே அப்படித்தான் சொல்றா."

"அவளே சொன்னாளா?"

"ஆமா. இன்னொண்ணு, அவளோட மீன்தொட்டியும் வரும். அவர் வாங்கிக் குடுத்தது. அத விட்டுட்டு எங்கயும் வரமாட்டா."

அனுப்பு என்றேன். அந்த நேரத்தில் யானையையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றாலும் சரி என்றிருப்பேன். அவளே சொன்னாளாமே!

மேலாளருக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஓட்டக் கொடுத்தேன். திட்டவே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

வந்துவிட்டது. பாப்பாவைச் சொல்லவில்லை. தொட்டியைச் சொல்கிறேன். ஆள் படுக்கலாம் அவ்வளவு நீளம். ஹாலில் என் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது; நாற்காலி அடுப்படி வாசலுக்குப் போய்விட்டது.

வேனோடு பல் டாக்டரும் வந்தான். வெள்ளை வெளேரென்று சட்டை, அதைவிட வெள்ளையாகப் பல். "வணக்கம் சார்" என்கிறான். என்னைப் பார்த்து சார்! இவன் எனக்கு என்ன முறை? மச்சான் இல்லை, சகலை இல்லை, பங்காளி இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கொழுந்தியாளுக்குக்கூட ஒரு முறைப்பெயர் இருக்கிற பாஷையில் இவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பாப்பா அங்கிள் என்கிறாள். நான் எதுவும் கூப்பிடவில்லை. கூப்பிடும் அவசியமே வராதபடி பார்த்துக்கொண்டேன்.

மீன்கள் மூடிபோட்ட வாளியில் வந்தன. தட்டையாக, முக்கோணமாக, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஆறு மீன்கள். ஏஞ்சல் என்று பெயராம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

தொட்டியை வைத்து முடித்ததும் ஃபில்டரை வெளியே எடுத்தான். குடம் அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. அது தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் உட்காருமாம். தொட்டி விளிம்பில் இரண்டு குழாய்கள் கொக்கிபோலத் தொங்கும். ஒன்று அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கும். டப்பாவுக்குள் ஸ்பாஞ்ச் வடிகட்டும். மோட்டார் அதை மற்றொரு குழாய் வழியாக மேலே தள்ளும். இதை அவன் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான், என் ஹாலில், முழங்கால் போட்டு, தன் வீடு மாதிரி.

"குடுங்க, நான் போட்டுக்கறேன்" என்று அவன் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினேன். அவன் உடனே விட்டுவிட்டான். விடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இழுத்த வேகத்தில் கதவு நிலையில் பட்டு, உறிஞ்சும் குழாய் வளைவிலேயே டக்கென்று ஒடிந்தது.

"போச்சு" என்றாள் பாப்பா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"பரவால்ல சார். நான் நாளைக்கு வேற வாங்கி அனுப்பிடறேன்."

"ஏன், இங்க கடையே இல்லையா?"

அவன் போனான். பாப்பா வாசல்வரை போய் அவனுக்குக் கையாட்டிவிட்டு வந்து, எதிரே நின்ற என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க சும்மா இருந்திருந்தா அங்கிள் இந்நேரம் ஓடவிட்டிருப்பாரு."

மார்ச் 9, திங்கள்

மீன்கள் வாளியில். பாப்பா அறைக்குள். நான் அடுப்படி வாசலில். எல்லாருக்கும் மூச்சு முட்டுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

மீன் கடை எங்கே என்று கேட்டால் எல்லாரும் வெட்டித் தருகிற கடைக்கு வழி சொல்கிறார்கள். வளர்க்கிற மீனுங்க என்று விளக்க வேண்டியிருந்தது. சொல்லும்போது ஏனோ கூச்சமாக இருந்தது.

கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "குழாய் என்ன சைஸ்?"

"நடுத்தரமா இருக்கும்."

"சட்டையா சார் எடுக்குறீங்க? உள்ளளவு எவ்ளோ, வெளியளவு எவ்ளோ?"

அளந்து வரவில்லை என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. ஒன்றைக் காட்டி இதுதான் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபில்டரிலிருந்து வருகிற டியூப் அகலம், இந்தக் குழாய் ஒல்லி. அப்பா சட்டையைப் பிள்ளை போட்டதுபோல் உள்ளே ஆடுகிறது. டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றித் திணித்தேன். மோட்டார் போட்டதும் சுற்றின இடத்தில் காற்று இழுத்து, கெட்டியான பானத்தை ஸ்ட்ராவில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுகிற சத்தம்.

பாப்பா அறைக்கதவைத் திறந்து கேட்டாள். அப்புறம் மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

மார்ச் 11, புதன்

ஹார்டுவேர் கடையில் ரிடியூசர் கிடைத்தது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒல்லி. டியூபைக் கொதிநீரில் முக்கி இளக்கி அகலமான பக்கத்தில் ஏற்றினேன். ஒல்லிக் குழாயை மறுபக்கத்தில் செருகினேன். இரண்டு விரல் வெந்துவிட்டது. ஆனால் சேர்ந்தது! காற்று இழுக்கவில்லை. மீன்களைத் தொட்டியில் விட்டோம்.

மோட்டார் மட்டும் முனகுகிறது. வயிற்றுவலிக்காரன் மாதிரி.

"உறிஞ்சுற பக்கத்த சின்னதாக்கக் கூடாது" என்றாள் பாப்பா. "தள்ளுற பக்கம் வேணா சின்னதாக்கலாம். மோட்டாருக்குத் தண்ணி போதலன்னா சூடாயிடும். அப்புறம் அந்த ஜாயிண்டு கழலாம இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் போடல."

"யார் சொன்னா?"

"அங்கிள்."

"உங்க அங்கிள் பல்லுக்கு டாக்டர். பைப்புக்கு இல்ல."

கிளாம்ப் வாங்கி வரலாம் என்றுதான் இருந்தேன். அவள் அவன் பேரைச் சொன்னதும் வாங்கத் தோன்றவில்லை. இருக்கிறபடியே இருக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் வண்டியில் இருக்கும்போது கீழ்வீட்டு டீச்சர் போன் செய்தார். "உங்க வீட்ல என்ன ஆறு ஓடுதா? என் கூரை ஒழுகுது. பசங்க விடைத்தாளெல்லாம் நனைஞ்சு போச்சு."

ஓடி வந்தேன். ஜாயிண்ட் தொட்டிக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் கழன்றிருக்கிறது. குழாய் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது: தொட்டித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி என் வீட்டுத் தரையில் கொட்டியிருக்கிறது. உள்ளே நான்கு விரல் தண்ணீர். தட்டையான மீன்கள், நிற்க ஆழம் இல்லாமல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஐந்து எழுந்தன. ஒன்று எழவில்லை.

பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்தாள். எண்ணினாள் போலிருக்கிறது.

"வேணும்னே பண்ணீங்க."

"பாப்பா, நான் வந்து—"

"வேணும்னேதான் பண்ணீங்க! அங்கிள் குடுத்ததுன்னு. கிளாம்ப் போடச் சொன்னேன்ல. சொன்னேன்ல! போடாம விட்டீங்க. உங்களுக்கு அவரப் பிடிக்கலன்னா அவர அடிங்க. அது என்ன பண்ணுச்சு?"

இல்லை என்றேன். நானே கேட்டால்கூட நம்ப முடியாத ஒரு இல்லை.

கீழ்வீட்டு டீச்சர் மறுபடியும் வந்து தன் பங்குக்குத் திட்டிவிட்டுப் போனார். அதுவாவது நியாயமாக இருந்தது.

மார்ச் 14, சனி

பாப்பா துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். இந்த வீட்டில் ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தாள், நான் கேட்கட்டும் என்றுதான் போட்டிருப்பாள். ஆனால் கேட்டது வேறு.

"இப்ப எப்படிடி வர முடியும்? இங்க ரெண்டே ரூம். அவரோட அம்மா வேற வந்து இருக்காங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. நல்லபடியா இருக்கத் தெரியாதா உனக்கு? அப்பனும் பொண்ணும் ஒரே மாதிரி."

"நான் அன்னிக்கே உங்ககூட வரேன்னுதானம்மா சொன்னேன்."

"படிப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அது நீ சொன்னது."

போனை வைத்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்: "பள்ளிக்கூடம் மாத்த வேணாம்னு நீ சொல்லலியா?"

"எனக்கு இந்தப் பள்ளிக்கூடமே பிடிக்காது" என்றாள். "எனக்கு இங்க எதுவுமே பிடிக்காது."

பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. கட்டிலில் அப்படியே இருக்கிறது, அவள் அதற்குப் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்திருக்கிறாள்.

அப்ப அவ என்னயக் கேட்கவே இல்ல. சரிதான். பத்து நாளா மார்ல ஏத்தி வச்சுட்டுத் திரிஞ்சேனே, என் பொண்ணு என்னயக் கேட்டு வந்திருக்கான்னு. வங்கி மேலாளர்கிட்டகூட சொல்லித் தொலைச்சேன். வேண்டாம்னு தள்ளினதெல்லாம் இங்க வந்து விழுது — தொட்டி, மீனு, பொண்ணு. நான் என்ன குப்பைத் தொட்டியா?

இல்லை. இப்படி எழுதக் கூடாது. அவள் குப்பை இல்லை. ஆனால் அடித்து அழிக்கவும் மாட்டேன். தோன்றியது தோன்றியதுதான்.

மார்ச் 15, ஞாயிறு

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். பாப்பா குளிக்கிற நேரம் பார்த்து. எடுத்ததும் ஆரம்பித்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளையைப் பொய் சொல்லிக் கழற்றிவிடுவதற்குப் பெயர் குடும்பமா, உன் அம்மாவுக்கு ரூம் இருக்கிறது அவளுக்கு இல்லையா, அதற்கு லஞ்சமாக ஒரு மீன்தொட்டியா. என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் கேட்டிருந்தால் இத்தனை நாளும் நான் கொஞ்சியதாக நினைத்திருப்பார்கள்.

நான் முடித்ததும் சொன்னான்: "தொட்டி இப்ப வாங்கினது இல்ல சார். ரெண்டு வருஷமாச்சு. நான் என்ன கேட்டாலும் அவ பதில் சொல்லமாட்டா. சாப்பிட்டியான்னு கேட்டா கதவு சாத்துவா. மீனப் பத்திக் கேட்டா மட்டும் பேசுவா. அதுக்காகத்தான் ஒண்ணொண்ணா வாங்கிப் போட்டேன். மத்தபடி என்கிட்ட அவளுக்கு ஒண்ணும் கிடையாது."

எனக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கோபம்தான் அதிகமானது. அவனாவது மீனைக் கண்டுபிடித்தானே!

வைக்கப் போனவன், "உறிஞ்சுற குழாய்க்கு என்ன அளவு வேணும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஒடைஞ்ச துண்டு இருக்கா சார்? அத அப்படியே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அதுதான் அளவு."

இதற்கு இவனிடம் கேட்க வேண்டுமா? ஒடிந்த துண்டு ஒரு வாரமாக என் ஜன்னல் விளிம்பில்தான் கிடந்தது.

மார்ச் 18, புதன்

கடைக்காரர் துண்டை வாங்கிப் பார்த்தார். "இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாம்ல?" அந்தக் கம்பெனிக் குழாய் இப்போது வருவதில்லையாம். அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹார்டுவேர் கடையில் அதே அளவுக்கு பிளாஸ்டிக் பைப் வாங்கிக்கொண்டேன். குடிநீருக்குப் போடுகிற பைப்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். கிளாம்ப், இரண்டு அல்ல, ஆறு.

ராச்சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பைப்ப வளைக்கணும். எப்படின்னு தெரியல."

கை கழுவிவிட்டுப் போகும்போது, "சூடு பண்ணி வளைக்கணும். உள்ள மணல் போடணும், இல்லன்னா நசுங்கிடும்" என்றாள் சுவரிடம்.

மார்ச் 21, சனி

மூன்று பைப் வீண்.

முதலாவது அடுப்பில் காட்டிய இடத்தில் கறுத்துப்போய் வீடு முழுக்க நாற்றம். இரண்டாவதை வளைத்தபோது நசுங்கியது. மணலைத் தட்டித் தட்டி நிரப்பவில்லை என்றாள், அவள் பிடித்த பக்கம் ஆடியது என்றேன். மூன்றாவது நன்றாக வளைந்தது, ஆனால் தொட்டி விளிம்பின் தடிமனைக் கணக்கில் எடுக்காததால் கொக்கி மாட்டவில்லை. விளிம்பில் உட்காராமல் அந்தரத்தில் நின்றது.

"விளிம்ப அளந்தீங்களா?"

"நீ அளந்தியா?"

"நான் மணல் பிடிச்சுட்டு இருந்தேன்!"

"பெரிய வேலை."

நான்காவதை இருவரும் பேசாமல் செய்தோம். வளைவு சரியாக வந்தது. ஆற வைத்து, மணலைக் கொட்டி, ஐந்து தடவை கழுவினோம். மீன் வால் உள்ளே போகாமல் இருக்க அடியை அடைத்து, பக்கத்தில் ரம்பத்தால் கீறல் கீறலாக அறுக்க வேண்டும். ரம்பத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்குப் பொறுமை இல்லையாம். உண்மைதான், ஆனால் அதை என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமா?

மாட்டிப் பார்த்தால் டியூப் நீளம். அலமாரிக்குப் பின்னால் ஒட்டகத் திமில்போல் மேலே ஏறி இறங்குகிறது. மோட்டார் போட்டால் ஏறுகிற இடத்தில் காற்று நின்றுகொண்டு தண்ணீரை விடமாட்டேன் என்கிறது. வெட்டணும் என்றாள். பின்னால் தேவைப்படும், இருக்கட்டும் என்றேன். வெட்டணும். இருக்கட்டும். கடைசியில் அவளே கத்தரியை எடுத்து வெட்டிவிட்டாள். டியூப் நேராக இறங்கியது. குபுக் குபுக்கென்று இரண்டு மூச்சுக் காற்று வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. தண்ணீர் ஓடியது.

யாரும் யாரையும் பாராட்டவில்லை. "உங்க மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கு" என்றாள் குழாயைப் பார்த்து. அவளுக்கும் அதே மூக்குத்தான். சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கட்டிலில் இருந்த பெட்டியைப் பரண்மேல் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

உறிஞ்சுவது சரியானதும் தள்ளுவது முரட்டுத்தனமாகிவிட்டது. தண்ணீர் பாய்ச்சலில் மீன்கள் காற்றில் காகிதம்போல் அடித்துக்கொண்டு போகின்றன. ஒரே வாயால் வருகிற தண்ணீரைப் பல வாயாகப் பிரிக்க வேண்டும். மிச்சப் பைப்பில் வரிசையாகத் துளை போட்டுத் தள்ளும் குழாயோடு சேர்ப்பது என்று முடிவானது. முடிவு செய்தது அவள். துளை போட்டதும் அவள். துளைகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். சொன்னதைக் கேட்டுத் திருப்பினாள். மோட்டார் போட்டதும் தண்ணீர் தொட்டியைத் தாண்டி என் முகத்தில் அடித்தது.

"ஆஃப் பண்ணுங்க! ஆஃப்! கைய எடுங்க, ஒயர் கிட்ட கைய வைக்காதீங்க, ஈரம், ஈரம்! எங்க பாக்குறீங்க? நேரா பாருங்க!"

அப்படியே நான். அந்த ஏற்றம், அந்த இறக்கம், அந்த 'எங்க பாக்குறீங்க'. என் வண்டியில் உட்கார்ந்து அழுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். பாவம்தான் அவர்கள்.

துளைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். தண்ணீர் கண்ணாடியில் பட்டு மெதுவாக இறங்கியது. மீன்கள் நின்றன.

ஏப்ரல் 19, ஞாயிறு

நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஃபில்டரைத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருந்தோம். நான் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்துவிட்டேன். தொட்டித் தண்ணீரில்தான் அலச வேண்டுமாம், குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலிருக்கிற நல்ல கிருமி செத்துப்போகுமாம். எனக்கு எப்படித் தெரியும்?

"எத சொன்னாலும் கேக்கமாட்டீங்க. அதான் அம்மா போனாங்க."

"அம்மா ஏன் போனான்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். உங்களாலதான் போனாங்க."

"என்னய விட்டுட்டுப் போனா, சரி. உன்னயும் விட்டுட்டுத்தான போனா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கையில் ஸ்பாஞ்ச் சொட்டிக்கொண்டே இருந்தது. அதை மெதுவாக டப்பாவுக்குள் வைத்தாள், மூடினாள், நான்கு பக்கக் கொக்கியையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

போய் மன்னிப்புக் கேட்டேன், கதவுக்கு வெளியே நின்று. "சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் ஒரு பூட்டு இருந்தது.

ஃபில்டர் சுத்தம் தனியாகச் செய்கிறாள். குழாயில் தண்ணீரை நிறுத்தும் வால்வை மூட இரண்டு கை, டப்பாவை இழுக்க இரண்டு கை. நான்கு கை வேலை. எப்படியோ செய்கிறாள். நான் அடுப்படி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்கிறேன். பேப்பர் நேற்றையது.

மே 3, ஞாயிறு

"இதப் பிடிங்க." அவ்வளவுதான் சொன்னாள். பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

மே 10, ஞாயிறு

பாப்பாவின் அம்மா. பெரிய வீடு கிடைத்துவிட்டதாம். பாப்பாவுக்குத் தனி அறை. அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் இடமும் சொல்லி வைத்தாகிவிட்டதாம். மாமியாரும் திரும்பிப் போய்விட்டார்களாம்.

"வருஷம் பூரான்னு சொன்ன?"

"சூழ்நிலை மாறிடுச்சு. அவ என் பொண்ணு."

"அப்ப மார்ச்ல யார் பொண்ணு?"

வைத்துவிட்டாள். பிறகு பாப்பாவிடம் நேராகப் பேசியிருக்கிறாள். ரொம்ப நேரம் பேசினார்கள். அழுகைச் சத்தம் கேட்டது, எந்தப் பக்கத்து அழுகை என்று தெரியவில்லை.

பாப்பா வந்து தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா கூப்பிடறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

லெஃப்ட், ரைட், பிரேக், கிளட்ச் என்று நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்கிறவன். போகாதே என்று ஒரு வார்த்தை. "உன் இஷ்டம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள்?

மே 11, திங்கள்

போகாதேன்னு சொல்லியிருக்கணும். சொன்னா மட்டும் இருந்திருப்பாளா? அவளுக்கு அம்மா வேணும். எந்தப் பிள்ளைக்குத்தான் வேணாம்? — சொல்லியிருக்கணும். இருக்காட்டியும், அவ காதிலயாவது விழுந்திருக்கணும்.

மே 24, ஞாயிறு

வந்தார்கள். பாப்பாவின் அம்மா இந்த வீட்டுக்குள் வந்து நான்கு வருடம் இருக்கும். சுவரெல்லாம் பார்த்தாள். கீழ்வீட்டுக் கூரை விவகாரத்துக்குப் பிறகு தரைக்குப் போட்ட சிமெண்டை மிதித்துப் பார்த்தாள். அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் எனக்குக் கேட்டது.

பல் டாக்டர் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். உள்ளே கம்பெனிக் குழாய் செட், கண்ணாடிபோல் பளபளவென்று. எங்கேயோ சொல்லி வரவழைத்திருக்கிறான். "அங்க போனதும் இத மாட்டிக்கலாம்மா" என்றான் பாப்பாவிடம். பிறகு தொட்டியில் தொங்கிய எங்கள் குழாயைக் குனிந்து பார்த்தான். "இது என்ன சார், வீட்டுக்குத் தண்ணி வர்ற பைப்பா?"

"தண்ணி வருதா இல்லையா?"

"வருது சார். வருது."

வேனில் ஏற்ற ஆட்கள் உள்ளே வந்தார்கள். பாப்பா தன் பெட்டியைக் கொடுத்தாள். புத்தக மூட்டையைக் கொடுத்தாள். தொட்டிப் பக்கம் நகர்ந்தவர்களைப் பார்த்து, "அது வரல" என்றாள்.

"என்னடி வரல?" என்றாள் அவள் அம்மா. "அத விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்னு ஆடினியே?"

"இப்ப விட்டுட்டு வரேன்."

"அங்க உனக்குன்னு இடமெல்லாம் பாத்து வச்சிருக்காரு—"

"தூக்கினா மறுபடி எல்லாம் ஒடையும்மா. மீனும் தாங்காது. இருக்கட்டும்."

பல் டாக்டர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. அவன் முகத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல மனிதனாக இருந்தால் வருத்தமாக இருந்திருக்கும். நான் நல்ல மனிதன் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் வாசல்வரைகூடத் தாங்கவில்லை, ஏனென்றால் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு கொஞ்சமாப் போடுங்க. வால்வ மூடாம டப்பாவத் திறக்காதீங்க" என்றாள். கட்டிப்பிடிப்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் வராது. என் சட்டைக்கையைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டுப் போனாள்.

வேன் ரிவர்ஸ் எடுத்தது. டிரைவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கத்த வேண்டும்போல் இருந்தது.

மே 25, திங்கள்

ஐந்து மீன். ஒரு மோட்டார். நான்.

மே 30, சனி

போன் இல்லை. நானும் செய்யவில்லை. செய்து என்ன கேட்பது? சாப்பிட்டியா என்றா?

ஜூன் 6, சனி

சாயங்காலம் வீடியோ போன். அவள் முகம் முழுதாகக்கூட வரவில்லை, நெற்றியும் ஒரு கண்ணும்தான்.

"தொட்டியக் காட்டுங்க."

காட்டினேன்.

"கீழ. இன்னும் கீழ. ஐயோ, ஆட்டாதீங்க. ஏதோ சத்தம் வருதே?"

"ஒண்ணும் வரல."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு இங்க கேக்குது. தள்ளுற குழாய் அடைச்சிருக்கு. துளையில பாசி பிடிச்சிருக்கும். எடுத்துக் குத்தி விடணும். போனை எங்கயாவது சாய்ச்சு வைங்க, நான் பாத்துக்கறேன்."

புது ஊர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். "மொதல்ல மோட்டார ஆஃப் பண்ணுங்க" என்றாள். ஆஃப் செய்தேன். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு உள்ளே கைவிட்டேன். மீன்கள் ஒதுங்கிக்கொண்டன. குழாய் வழுக்குகிறது. துளைகள் கைக்குத் தட்டுப்பட்டன, நெருக்கமாக, கொஞ்சம் கோணலாக, அவள் போட்ட துளைகள்.

"மெதுவா. திருகி எடுங்க, இழுக்காதீங்க. அப்படித்தான்."

அந்தப் பக்கம் தூரத்தில் பல் டாக்டரின் குரல் கேட்டது: "என்னம்மா ஆச்சு?"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "ஒண்ணும் இல்ல அங்கிள். எங்க தொட்டி. நாங்க பாத்துக்கறோம்."

முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தேன். குழாயைத் திருகினேன்.